காட்ஸ் சான்று இருந்தாலும் 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று அச்சிட முடியாது: ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போகும் ஒரு குழந்தைச் சட்டையில் தொங்கும் அட்டையில் (ஹேங் டேக்), ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்றான காட்ஸின் (GOTS) லோகோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு பச்சை இலை முத்திரை. அதற்குக் கீழே 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'ஏஸோ ஃப்ரீ' (ஏஸோ சாயம் இல்லாதது), 'கார்பன் நியூட்ரல்' என்று வாசகங்கள். 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியக் கடைகளில் இவற்றில் சிக்கல் இல்லாமல் நிற்கக்கூடியது காட்ஸ் லோகோ மட்டும்தான். அதுவும் ஒழுங்காக வாங்கியிருந்தால்.

சான்று கையில் இருக்கிறது, இனி டேக்கில் எதை எழுதினாலும் அது காப்பாற்றும் என்ற எண்ணம் நம் ஊரில் பலரிடம் இருக்கிறது. ஒரு சான்று எதைச் சோதித்ததோ அதை மட்டும்தான் காப்பாற்றும். டேக்கில் உள்ள மற்ற ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக ஆதாரம் வேண்டும்.

முதலில்: எந்தச் சட்டம்?

இரண்டு சட்டங்களின் பெயர்கள் கலந்து அடிபடுகின்றன. ஒன்று 'கிரீன் க்ளெய்ம்ஸ் டைரக்டிவ்' (டைரக்டிவ் என்றால் உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்றியச் சட்டம்). ஐரோப்பிய கமிஷன் இதை 2023 மார்ச்சில் முன்மொழிந்தது. பசுமை வாசகங்களை முன்கூட்டியே சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 ஜூனில் கமிஷனே அதைத் திரும்பப் பெறும் எண்ணத்தைச் சொல்ல, கடைசிச் சுற்றுப் பேச்சுவார்த்தை ரத்தாகி, மசோதா நடுவழியில் நின்றது. "அந்தச் சட்டம்தான் நின்னுபோச்சே" என்று சிலர் நிம்மதியாக இருப்பது இதை வைத்துத்தான்.

நம்மைத் தொடுவது இன்னொன்று: 2024/825 என்ற எண்ணுள்ள டைரக்டிவ். பசுமை மாற்றத்துக்காக நுகர்வோரை வலுப்படுத்தும் சட்டம் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக 'எம்ப்கோ'. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்க்கக் கெடு 2026 மார்ச் 27, கடைகளில் அமலாகும் நாள் 2026 செப்டம்பர் 27. 2005-இலிருந்து இருக்கும் நேர்மையற்ற வணிக முறைகள் சட்டத்தின் கறுப்புப் பட்டியலில் இது புதிய வரிகளைச் சேர்க்கிறது. கறுப்புப் பட்டியலில் இருப்பதைச் செய்தால், வாடிக்கையாளர் ஏமாந்தாரா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. செய்ததே தவறு.

சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை. அமல் தேதிக்கு முன்பே கடைக்குப் போன சரக்குக்கும் இல்லை. நாடுகள் சேர்ந்து எடுக்கும் எல்லை தாண்டிய நடவடிக்கைகளில் உச்ச அபராதம், சம்பந்தப்பட்ட நாடுகளில் உள்ள ஆண்டு விற்பனையில் குறைந்தது 4 சதவீதமாக இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது.

அபராதம் யாருக்கு? நுகர்வோருக்கு விற்பவருக்கு. அதாவது பெரும்பாலும் உங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு, உங்கள் பையருக்கு. ஆனால் பையர் சும்மா இருக்க மாட்டார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, டேக்கில் உள்ள வாசகத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்வார். சொந்த இணையதளம் வழியாகவோ ஆன்லைன் சந்தையிலோ ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றால் நீங்களே விற்பனையாளர், சட்டம் நேராக உங்கள் மேல்தான்.

படி 1: எழுதியிருப்பதையெல்லாம் ஒரு இடத்தில் கொட்டுங்கள்

ஹேங் டேக், வாஷ் கேர் லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, இணையதளம், கேட்டலாக், இன்ஸ்டாகிராம் பதிவு என்று வாடிக்கையாளர் கண்ணில் படும் எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாகப் போடுங்கள். சொற்கள் மட்டும் போதாது. படம், சின்னம், பிராண்டின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாமே சுற்றுச்சூழல் வாசகமாகக் கருதப்படலாம் என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. பிராண்ட் பெயரிலேயே 'ஈகோ', 'கிரீன்' என்று வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இந்த வேலையை மெர்ச்சண்டைசர் ஒருவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். டிசைன் செய்பவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பழைய டேக் ஃபைல் எங்காவது இருக்கும்.

படி 2: கோப்பில் இருக்கும் காகிதங்களைப் பிரியுங்கள்

'சர்டிஃபிகேட் ஃபைல்' என்று ஒரு தடித்த கோப்பு எல்லா எக்ஸ்போர்ட் ஆபீஸிலும் இருக்கும். அதில் நாலு வகைக் காகிதம் கலந்து கிடக்கும்.

நுகர்வோருக்கு லோகோ காட்ட அனுமதி தரும் லேபிள் சான்றுகள் ஒரு வகை: காட்ஸ், ஜிஆர்எஸ் (மறுசுழற்சி நாருக்கானது), ஓசிஎஸ் (ஆர்கானிக் நாரின் அளவுக்கானது), ஓகோடெக்ஸ் (ரசாயனச் சோதனைக்கானது) போன்றவை. ஆடிட் அறிக்கைகள் இன்னொரு வகை. ஆம்ஃபோரி பிஎஸ்சிஐ, செடெக்ஸின் ஸ்மெட்டா இரண்டும் தொழிற்சாலையைச் சோதித்த அறிக்கைகள், சட்டையில் ஒட்டும் முத்திரைகள் அல்ல. மூன்றாவது, ஐஎஸ்ஓ 14001 போன்ற நிர்வாக முறைச் சான்று. அது உங்கள் அலுவலகம் சுற்றுச்சூழல் வேலையை எப்படி நடத்துகிறது என்பதைச் சொல்லும், சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்று தருவதும் இல்லை, தன் லோகோவைப் போட விடுவதும் இல்லை. நாலாவது, லேபில் ஒரு சாம்பிளுக்கு வாங்கிய டெஸ்ட் ரிப்போர்ட்.

டேக்கில் லோகோவாக ஏறத் தகுதி முதல் வகைக்கு மட்டுமே. மற்றவற்றை பையர் கேட்டால் காட்டுங்கள்.

படி 3: ஒவ்வொரு லேபிளையும் சட்டத்தின் வரையறையில் வைத்துப் பாருங்கள்

இனி நிலைத்தன்மை (சஸ்டெய்னபிலிட்டி) லேபிள் என்று எதைக் காட்டினாலும் அதற்கு இரண்டே வழிதான்: அரசு அமைத்த லேபிளாக இருக்க வேண்டும், அல்லது ஒரு சான்றளிப்புத் திட்டத்தின் மேல் நிற்க வேண்டும். சுற்றுச்சூழல் மட்டுமல்ல, தொழிலாளர் நலன் போன்ற சமூகப் பண்புகளைச் சொல்லும் முத்திரைகளும் இதில் அடங்கும்.

சான்றளிப்புத் திட்டம் என்றால் அதன் விதிகள் பொதுவில் கிடைக்க வேண்டும். அதோடு நான்கு நிபந்தனைகள். தகுதியுள்ள எல்லா வணிகர்களுக்கும் பாகுபாடின்றித் திறந்திருக்க வேண்டும். விதிகளை நிபுணர்களோடும் சம்பந்தப்பட்டவர்களோடும் கலந்து உருவாக்கியிருக்க வேண்டும். மீறினால் லேபிளை நிறுத்தவோ பறிக்கவோ வழிமுறை வேண்டும். கடைசியாக, சோதிப்பவர் ஒரு மூன்றாம் தரப்பாக இருந்து, திட்டத்தின் உரிமையாளரிடமிருந்தும் உங்களிடமிருந்தும் சுதந்திரமாக இருக்க வேண்டும்.

அந்தப் பச்சை இலை முத்திரை முதல் நிபந்தனையிலேயே அடிபடும். உங்கள் கம்பெனியே வரைந்து, உங்கள் கம்பெனியே ஒட்டிக்கொள்ளும் முத்திரைக்கு இனி இடமில்லை. பெரிய பிராண்டுகள் தங்கள் கலெக்‌ஷன்களுக்கு வைக்கும் தனி முத்திரைகளுக்கும் இதே கதிதான். நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் 2022-இல் ஹெச்&எம், டெகத்லான் இரண்டிடமும் 'கான்ஷியஸ்', 'ஈகோடிசைன்' போன்ற தெளிவில்லாத சொற்களைப் பற்றிக் கேள்வி கேட்டது. இரண்டும் அவற்றைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டு, ஒன்று 5 லட்சம் யூரோவும் மற்றது 4 லட்சம் யூரோவும் நன்கொடை தந்தன. அது இந்தப் புதிய சட்டத்துக்கு முன்பே நடந்தது.

நாலாவது நிபந்தனையில்தான் பெரிய பெயர்களும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. லேபிளின் உரிமையாளரும் சோதிப்பவரும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் அலுவலகத்துக்கே மெயில் போட்டு, 2024/825-க்குத் தாங்கள் பொருந்துகிறோம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்மொழியாக ஏஜென்ட் சொல்வது எதற்கும் உதவாது.

படி 4: நம் ஊரில் புழங்கும் லேபிள்களை ஒவ்வொன்றாக

காட்ஸ்: 95 சதவீதமோ அதற்கு மேலோ ஆர்கானிக் நார் இருந்தால் 'ஆர்கானிக்', 70 சதவீதமாவது இருந்தால் 'இத்தனை சதவீதம் ஆர்கானிக் நாரால் ஆனது' என்ற தரம். லோகோவோடு இந்தத் தர வாசகம், சான்று தந்த நிறுவனத்தின் பெயர், லைசென்ஸ் எண் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அச்சடிக்கும் முன் டேக் டிசைனுக்குச் சான்று நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். பலர் தவறுவது இங்கே: காட்ஸ் நூல் வாங்கி, சான்றில்லாத யூனிட்டில் தைத்துவிட்டு 'காட்ஸ் காட்டனால் செய்தது' என்று போடுவது. அது செல்லாது. நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்றுக்குள் இருக்க வேண்டும். பிரிண்டிங், எம்பிராய்டரியை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால் அந்த யூனிட்டும்.

சரி, காட்ஸ் இவ்வளவு கடுமையானதுதானே, அதை வைத்து 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று எழுதலாமே? முடியாது. பொதுப்படையான பசுமைச் சொல்லைப் போட வேண்டுமென்றால் 'அங்கீகரிக்கப்பட்ட மிகச்சிறந்த சுற்றுச்சூழல் செயல்பாடு' வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு வழி ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ லோகோ கொண்ட ஈகோலேபிள், அல்லது உறுப்பு நாடுகள் அதிகாரபூர்வமாக ஏற்ற ஐஎஸ்ஓ 14024 'டைப் 1' சுற்றுச்சூழல் லேபிள்கள், அல்லது ஒன்றியச் சட்டப்படி அந்தப் பொருள் வகையில் உச்சத் தரம். ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல் (1978-இலிருந்து), வடக்கு நாடுகளின் நார்டிக் ஸ்வான் (1989-இலிருந்து) ஆகியவை அந்த டைப் 1-ஐச் சேர்ந்தவை. காட்ஸ் அந்தப் பட்டியலில் வராது. லேபிளாக அது செல்லும், பொதுச் சொல்லுக்குச் சாவியாகச் செல்லாது. அந்தப் பூ இருந்தாலும் கூட, சொல்லும் சொல்லுக்கும் அந்தச் சிறப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

ஓகோடெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100: முடிந்த துணியில் தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதிப்பது. 1992-இல் தொடங்கியது, சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். இதை ஆர்கானிக் என்றோ மறுசுழற்சி என்றோ காட்டுவது அப்பட்டமான தவறு, ஆனாலும் நடக்கிறது. 'தீங்கான பொருட்களுக்குச் சோதிக்கப்பட்டது' என்ற அளவோடு நிறுத்துங்கள். அந்த அமைப்பின் உறுப்பு ஆய்வு நிலையங்களே சோதித்துச் சான்றும் தருவதால், மேலே சொன்ன எழுத்து உறுதிமொழியைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஜிஆர்எஸ், ஓசிஎஸ்: ஜிஆர்எஸ்ஸில் 20 சதவீத மறுசுழற்சி நார் இருந்தால் வணிகர்களுக்கு இடையே சான்று ஓடும், ஆனால் சட்டையில் லோகோ போட 50 சதவீதம் வேண்டும். ஓசிஎஸ் ஆர்கானிக் நாரின் அளவை மட்டும் தொடர்கிறது. சாயம், கழிவுநீர், கூலி எதையும் அது பார்ப்பதில்லை. அதன் 'ப்ளெண்டட்' லோகோ 5 சதவீதத்திலிருந்தே கிடைக்கும். 5 சதவீத ஆர்கானிக் சட்டைக்கு முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஆர்கானிக்' என்று போட்டால், ஒரு பகுதிக்கு உள்ள பெருமையை முழுப் பொருளுக்கும் ஏற்றிய குற்றம் வரும். அதுவும் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது. சதவீதத்தைச் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்.

பெட்டர் காட்டன்: பருத்திச் சாகுபடியை மேம்படுத்தும் திட்டம். மாஸ் பேலன்ஸ் முறையில் (பஞ்சு மற்றதோடு கலக்கலாம், அளவுக் கணக்கு மட்டும் வைக்கப்படும்) வாங்கிய பஞ்சு என்றால், உங்கள் சட்டைக்குள் அந்தப் பஞ்சுதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. வாங்கிய அளவுக்கு எங்கோ அப்படி விளைந்தது என்பதுதான் அதன் பொருள்.

எஃப்எஸ்சி: பொறுப்போடு பராமரிக்கும் காடுகளிலிருந்து வரும் மரம், காகிதத்துக்கான சான்று. இது டேக் அட்டைக்கு, சட்டைக்கு அல்ல. டேக் அச்சிடும் பிரஸ்ஸின் லைசென்ஸ் எண்ணோடு வரும். பின்பக்கம் சின்னதாக, 'இந்த அட்டைக்கு' என்பது புரியும்படி இருந்தால் பிரச்சினை இல்லை. முன்பக்கம் பிராண்ட் பெயருக்கு அடியில் மரச் சின்னம் நின்றால், பார்ப்பவர் சட்டையைப் பற்றித்தான் நினைப்பார்.

க்ரூனர் க்னாப்ஃப்: ஜெர்மன் அரசின் லேபிள், 2019 செப்டம்பரில் வந்தது. அரசு அமைத்தது என்பதால் இரண்டு வழிகளில் எளிய வழியில் தேறும். இதற்கு விண்ணப்பிப்பது பிராண்ட், நீங்கள் அல்ல. உங்களிடம் கேட்கப்போவது பின்னணி ஆவணங்களை.

படி 5: சொற்களைச் சலியுங்கள்

'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன்', 'இயற்கையின் நண்பன்', 'பயோடிகிரேடபிள்' போன்றவை சட்டத்தின் முன்னுரையிலேயே உதாரணமாகக் கொடுக்கப்பட்டவை. பொதுச் சொல்லுக்குத் தெளிவான விளக்கத்தை அதே டேக்கில் அல்லது அதே இணையப் பக்கத்தில் பளிச்சென்று சேர்த்தால் அது பொதுச் சொல்லாகக் கருதப்படாது. க்யூஆர் கோட் போட்டு 'விவரம் உள்ளே' என்பது போதாது. என் கருத்தில், விளக்கத்தை எழுதப்போகிறீர்கள் என்றால் அந்தப் பொதுச் சொல் எதற்கு? விளக்கத்தையே வாசகமாக்குங்கள்.

'ஏஸோ ஃப்ரீ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் டேக்குகளில் இது மிகச் சாதாரணம். புற்றுநோயை உண்டாக்கும் அமீன்களை வெளியிடும் ஏஸோ சாயங்கள் ஐரோப்பாவில் ரீச் என்ற ரசாயனக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே தடை. எல்லோருக்கும் சட்டம் விதித்திருப்பதை உங்கள் பொருளின் தனிச்சிறப்பாகக் காட்டுவது இப்போது தனிக் குற்றம். பையருக்கு அனுப்பும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். டேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சாயக்கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத முறை வேறு கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யலைக் கெடுத்த ஊர் என்ற பெயரைத் துடைக்க இங்கே செலவிட்டது கொஞ்சநஞ்சமல்ல. இது ஐரோப்பியச் சந்தையில் எல்லாத் துணிக்கும் உள்ள சட்டக் கட்டாயம் இல்லை, ஆகவே சொல்லலாம். ஆனால் 'நீர் மாசில்லாத சட்டை' என்று அல்ல. 'இந்தத் துணியின் சாயமிடும் கட்டத்தில் கழிவுநீர் வெளியேற்றப்படுவதில்லை, சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தப்படுகிறது' என்று, எந்தக் கட்டம் என்பதோடு. பொது சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவுகள் கோப்பில் இருக்க வேண்டும். வருத்தம் என்னவென்றால், உண்மையிலேயே சொல்லத் தகுந்த இந்த விஷயத்தை டேக்கில் யாரும் எழுதுவதில்லை.

காற்றாலை வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தையல் யூனிட்டின் மின்சாரம் காற்றாலையிலிருந்து வரலாம். சாயப்பட்டறை பாய்லரில் நிலக்கரி எரிகிறது என்றால் 'முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சக்தியில் தயாரானது' என்ற வாசகம் கம்பெனி முழுவதையும் பற்றிய தவறான பிம்பம். 'தையல் பிரிவின் மின்சாரம்' என்று எழுதி, அந்த ஆண்டின் யூனிட் கணக்கைக் கையில் வையுங்கள்.

'கார்பன் நியூட்ரல்': கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டி, அதை வைத்துப் பொருளைக் 'கார்பன் நியூட்ரல்' என்றோ 'குறைந்த கார்பன்' என்றோ சொல்வது தடை. சான்று இருந்தாலும் தடைதான். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 27-இல், 'கட்யெஸ்' என்ற மிட்டாய் நிறுவனத்தின் 'க்ளைமேட் நியூட்ரல்' விளம்பரத்தைப் பழைய சட்டத்தை வைத்தே தவறென்றது: எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதை விளம்பரத்துக்குள்ளேயே விளக்கியிருக்க வேண்டும் என்று. 'வனத்துக்குள் திருப்பூர்' போன்ற மரம் நடும் திட்டங்களுக்குப் பணம் தருகிறவர்கள் இங்கே நிறைய. அதைத் தாராளமாகச் சொல்லலாம், தந்ததைத் தந்ததாக. அந்த மரங்களைச் சட்டையின் கார்பன் கணக்கில் கழிக்கத்தான் கூடாது.

'2030-க்குள் நெட் ஜீரோ' போன்ற வருங்கால வாக்குறுதிக்கு, பொதுவில் கிடைக்கும் விரிவான செயல்திட்டம், காலக்கெடுவோடு அளக்கக்கூடிய இலக்குகள், சுதந்திரமான நிபுணர் ஒருவரின் தொடர் சரிபார்ப்பு, அதன் முடிவை நுகர்வோர் பார்க்க வசதி, இவ்வளவும் வேண்டும். ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாது. இணையதளத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

படி 6: காகிதச் சங்கிலியைச் சரிபாருங்கள்

ஸ்கோப் சர்டிஃபிகேட் உங்கள் யூனிட் தகுதியானது என்று சொல்லும். இந்த ஷிப்மெண்ட்டில் போகும் சரக்கு சான்றுபெற்றது என்று சொல்வது டிசி எனப்படும் ட்ரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட். ஸ்கோப் மட்டும் காட்டி நூல் விற்பவரிடம் ஆர்கானிக் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பு இந்தியாவில் நடந்த ஒரு பெரிய மோசடியை வெளியிட்டது. 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்றுகள். அரசின் இணையதளத்தைப் போலவே ஒரு போலித் தளம் அமைத்து, க்யூஆர் கோட் ஸ்கேன் செய்தால் அங்கே போகும்படி செய்திருந்தார்கள். 11 நிறுவனங்கள் தடை செய்யப்பட்டன. ஆகவே சான்றில் உள்ள க்யூஆர் கோடை நம்பாமல், திட்டத்தின் பொதுத் தரவுத்தளத்துக்கு நீங்களே முகவரி தட்டிப் போய் எண்ணைத் தேடுங்கள். பெயர், யூனிட் முகவரி, பொருள் வகை, காலாவதித் தேதி நான்கும் பொருந்த வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு ஆர்டர் கோப்பில் சேருங்கள்.

படி 7: திருத்தி எழுதுதல், பழைய சரக்கு, ஒப்பந்தம்

தொடக்கத்தில் பார்த்த குழந்தைச் சட்டை டேக் இப்படி மாறும்: காட்ஸ் லோகோ, 'ஆர்கானிக்' தரம், சான்று நிறுவனத்தின் பெயர், லைசென்ஸ் எண். வேண்டுமானால் ஒரு வரி: 'நார்: 100% ஆர்கானிக் பருத்தி'. அவ்வளவுதான். இலை, ஈகோ ஃப்ரெண்ட்லி, ஏஸோ, கார்பன் நான்கும் போய்விடும். நார் கலவையைச் சொல்லும் கட்டாய லேபிள் 1007/2011 விதிப்படி தனியாக இருக்கும், அது நிலைத்தன்மை லேபிள் கணக்கில் வராது.

அச்சடித்து வைத்த பழைய டேக்குகளைக் குறைந்தபட்சம் ஐரோப்பிய ஆர்டர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே பையரின் குடோனில் இருக்கும் சரக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா, டேக்கை மாற்ற வேண்டுமா, செலவு யாருடையது என்பதை இப்போதே மெயிலில் பேசி முடியுங்கள்.

ஒப்பந்தத்தில் பையர் பொறுப்பை உங்கள் மேல் தள்ளும் வரி வந்தால், ஒரு எதிர்வரி கேளுங்கள்: பையர் தந்த டிசைனில், பையர் தந்த வாசகத்துக்கு பையரே பொறுப்பு. நீங்கள் தரும் தகவல் உண்மை என்பதற்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. பெரும்பாலான பையர்கள் இதை ஏற்பார்கள், கேட்டால்தான்.

அப்புறம், இதே டேக் பிரிட்டனுக்கும் போகிறதென்றால் அங்கே வேறு சட்டம். 2021-இலிருந்து 'கிரீன் க்ளெய்ம்ஸ் கோட்' என்ற வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல் அந்நாட்டு ஆணையம் உலகளாவிய விற்பனையில் 10 சதவீதம் வரை தானே அபராதம் போடலாம். உள்நாட்டில் விற்பவர்களுக்கு, பசுமைப் பொய்களுக்கு எதிரான மத்திய அரசின் வழிகாட்டு விதிகள் 2024 அக்டோபரில் வந்துவிட்டன. ஐரோப்பாவுக்காகத் திருத்திய டேக் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலும் ஓடும். அதனால் நாட்டுக்கு ஒரு டேக் என்று பிரிக்காமல், கடுமையான விதிக்கு ஏற்ற ஒரே டேக்கை வைத்துக்கொண்டால் குடோனில் குழப்பம் குறையும்.